மாலை மரியாதையோடு கொதித்த கார்

சிங்கப்பூரில் ஒரு கார் பத்து வயதைத் தொட்டால் அரசாங்கம் அதன் தலைமாட்டில் வந்து நின்றுகொள்ளும். மேலும் வாழ ஆசையிருந்தால் பெருந்தொகையைக் கட்டு, இல்லையென்றால் நசுக்கப் போடு. அதனால் அங்கே கிழட்டுக் கார்கள் கண்ணில் படுவது அபூர்வம். திருச்சி விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்த காருக்கு இருபது வயது எப்போதோ தாண்டியிருந்தது. ஓட்டி வந்த என் அம்மாவுக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விவகாரத்தையும் ஒரேயடியாக முடித்துவிடுவது என்றுதான் நான் வந்திருந்தேன். காரைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பது, அம்மாவை என்னோடு சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போவது. திரும்பும் விமானத்தில் என் பக்கத்து சீட்டை அவள் பேரில் எடுத்தும் ஆகிவிட்டது. அவளைக் கேட்டுத்தான் எடுத்தேனா என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

காரின் முகத்தைப் பார்க்கலாம் என்றால் அது தெரியவே இல்லை. முன்கம்பி முழுக்கச் சாமந்தி மாலை, அதற்கடியில் வாடிய மாலை ஒன்று, அதற்கும் அடியில் சருகாகிவிட்ட வேப்பிலைக் கொத்து. கல்யாணப் பெண்கூட இவ்வளவு சுமக்க மாட்டாள்.

"சமயபுரத்து மாலைடி. ஆத்தா பாதத்துல வச்சுக் குடுத்தது" என்றாள் அம்மா.

"புதுசு கட்டும்போது பழசைக் கழட்டக் கூடாதா?"

"சாமி மாலைய நாமளா பிச்சு எறியறதா? தானா காஞ்சு தானா உதிரும். நீ வாயை மூடிட்டு ஏறு."

ஏறினேன். பால்பண்ணை சிக்னலை நெருங்கும்போதே டாஷ்போர்டில் சூடு காட்டும் ஊசி நிமிர ஆரம்பித்துவிட்டது. அம்மா ஏ.சி.யை அணைத்தாள், கண்ணாடியை இறக்கினாள். பிறகு, அந்தச் சித்திரை மாத மத்தியானத்தில், ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டாள்.

"அம்மா! என்ன பண்ற?"

"இன்ஜின் சூட்டை உள்ள இழுத்து விட்டா ஊசி இறங்கும்."

"நமக்கு?"

"நமக்கென்ன, வேர்க்கும்."

சிங்கப்பூர் வெயில் ஆளைப் பிழியும். திருச்சி வெயில் வறுக்கும். அம்மாவின் காருக்குள் வறுத்துப் பிழிந்தார்கள். அப்படியும் ஊசி சிவப்பைத் தொட்டது, பானெட்டின் ஓரத்தில் ஆவி கிளம்பியது. அம்மா நிதானமாக ஓரங்கட்டி நிறுத்தினாள். டிக்கியில் தண்ணீர் கேன்கள், ஒரு பழைய துண்டு, ஒரு ஸ்குரூ டிரைவர், உட்கார ஒரு முக்காலி. பிக்னிக் ஏற்பாடு போலவே இருந்தது.

இந்த ஊரில் மனிதநேயம் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் ரோட்டோரம் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கண்மூடித் திறப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கரும்புச்சாறு பிழிபவர் ரேடியேட்டரில் ஓட்டை என்றார். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருந்த ஒருவர் அந்தக் கருத்தைத் தள்ளிவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போச்சுங்க. எங்க மச்சான் வண்டிக்கும் இதேதான்" என்றார்.

"அப்புறம் எப்படிச் சரி பண்ணாரு?" என்று கேட்டேன்.

"எங்க சரி பண்றது? வித்துட்டாரு."

பஸ்ஸுக்கு நின்றிருந்த ஓர் அம்மாள் எல்லோரையும்விடத் தெளிவாக இருந்தார். "கண்ணு பட்டிருக்குங்க. ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டு, நல்லதா ஒரு மாலை கட்டுங்க." 

இதில் கவனிக்க வேண்டியது, ஒருவர்கூட அம்மாவைப் பார்த்துப் பேசவில்லை. வண்டி அம்மாவுடையது, சாவி அம்மாவின் கையில், ஆனாலும் ஆலோசனை முழுக்க ஹெல்மெட்காரருக்கே போனது. அவரும் வீட்டுக்குப் பெரியவர் மாதிரி தலையாட்டி வாங்கிக்கொண்டார். அந்தப் பெருமிதத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினார். அம்மா துண்டாலேயே அவர் கையில் ஒரு போடு போட்டாள். "கைய எடுங்க தம்பி, வெந்துடும். ஆறட்டும்."

காட்டூர் வீட்டில் மோர்சாதமும் மாவடுவும் உள்ளே போன பிறகு டிக்கெட் விஷயத்தைச் சொன்னேன். அம்மா தட்டிலேயே கையைக் கழுவினாள். 

"கார் கொதிக்குதுன்னு என்னை நாடு கடத்தறியா?"

"போன மாசம் கொள்ளிடம் பாலத்துல கொதிச்சு, இருட்டுற நேரத்துல தனியா நின்னியாமே? ஸ்ரீரங்கத்து மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியுது."

"மாமிக்கு வாயில பூட்டே கிடையாது."

மாமி அதைச் சொன்ன அன்றைக்கு இரவு சிங்கப்பூரில் எனக்குத் தூக்கமே வரவில்லை. லாரிகள் பறக்கும் பாலத்தில் அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பது மாதிரியே கண்ணுக்குள் நின்றது. எனக்கு இருந்தது பயம், வேறொன்றுமில்லை. அதை அப்படியே சொன்னால் அம்மா சிரிப்பாள் என்பதால் அதிகாரமாகச் சொன்னேன்.

அம்மா தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பந்தயம் கட்டினாள். "வெள்ளிக்கிழமை மாமியைக் கூட்டிக்கிட்டு சமயபுரம் போறேன். போயிட்டு வீடு வந்து சேர்றவரைக்கும் வண்டி கொதிக்கலைன்னா நான் இங்கதான் இருப்பேன், நீ வாயைத் திறக்கக் கூடாது. கொதிச்சுதுன்னா இரும்புக்காரனை வரச்சொல்லு, நான் பெட்டி கட்டறேன்."

"சத்தியமா?"

"ஆத்தா மேல சத்தியம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அதுவரைக்கும் ரிப்பேர் செய்து பார்க்கலாம் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. தாராளமாகச் செய்துகொள் என்றேன்.

மறுநாள் காலை தெருமுனை மெக்கானிக்கிடம் போனோம். எதிர்வீட்டு சுந்தரம் அங்கிள், "ரெண்டு பொம்பளைங்க தனியா போனா ஏமாத்திடுவாங்க" என்று கூடவே தொற்றிக்கொண்டார். அவர் ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் பார்த்து ஓய்வு பெற்றவர். மெக்கானிக் அவரிடமே பேசினார், அவரும் தெரிந்த மாதிரியே கேட்டுக்கொண்டார்.

"தெர்மோஸ்டாட்தாங்க சார் பிரச்சினை" என்றார் மெக்கானிக். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற சின்ன வால்வு அது. கெட்டுப்போனால் வேறு வாங்கிப் போடுவதுதான் உலக வழக்கம். காட்டூர் வழக்கம் வேறு. அவர் அதைக் கழற்றி, குலுக்கிப் பார்த்து, சாக்கடைப் பக்கம் வீசினார்.

"புதுசு?" என்றேன்.

"அதெல்லாம் குளிர்நாட்டுக்காரன் வச்சதும்மா. நம்ம ஊருக்கு எதுக்கு?"

"அதானே?" என்றார் கேன்டீன் நிபுணர்.

முன்பக்கமும் ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னேன். மெக்கானிக் தன் எண்ணெய்க் கைகளை விரித்துக் காட்டி ஓரடி பின்னால் போனார். "ஆத்தா மாலை கிடக்குங்க. நேத்து கவுச்சி வேற சாப்பிட்டிருக்கேன். நான் தொட மாட்டேன்." பின்பக்கமிருந்து ஹோஸில் தண்ணீர் பீய்ச்சினார், வேலை முடிந்தது. வண்டி நல்லபடியாக ஓட வேண்டும் என்று அவர் செலவிலேயே ஒரு முழம் கதம்பம் வாங்கி, எட்டி நின்று, விரல் படாமல் மாலைகளின் மேலேயே சாத்தினார். இப்படிப்பட்ட தொழில் பக்தியை நான் சிங்கப்பூரில் கண்டதில்லை. 

அந்தச் சாயங்காலமே ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஊர்ந்தன. நடுப்பாலத்தில் நம்முடைய ஊசி சிவப்பைத் தொட்டது. பின்னால் நின்ற டவுன் பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஜன்னல் வழியாக யாரோ, "வயசானவங்க வீட்ல இருக்காம எதுக்கு வண்டியை எடுத்துட்டு வர்றாங்க?" என்றார்கள். நான் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்த அதே வசனம்தான். ஆனால் வேறொருவர் வாயில் கேட்டபோது அவர் சட்டையைப் பிடிக்கலாம் போல வந்தது.

அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஹீட்டரைத் திருகிவிட்டு, இஞ்ச் இஞ்ச்சாக நகர்த்தி, பாலத்தைத் தாண்டித்தான் நிறுத்தினாள். அது கணக்கில் சேராது, பந்தயம் வெள்ளிக்கிழமைக்குத்தான் என்று எனக்கு ஞாபகமும் படுத்தினாள்.

ரங்கநாயகி மாமியும் அம்மாவும் ரயில்வேயில் பக்கத்துப் பக்கத்து கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவர்கள். மாமிக்கு முழங்காலில் வலி, பஸ் ஏற முடியாது. மாமா காலமான பிறகு மாமி வெளியே போவதென்றால் அது அம்மாவின் காரில்தான். சித்திரை வீதி வீட்டு வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தாள்.

"வாடி கீதா. தளிகை ஆயிடுத்து, மொதல்ல சாப்பிடு. சண்டையை அப்புறமா போட்டுக்கலாம்" என்று என் கையைப் பிடித்தாள்.

புளியோதரையும் அக்காரவடிசிலும் இருந்தன. அக்காரவடிசிலில் நெய்யில் மிதந்த முந்திரியைத் தேடித் தின்றுகொண்டிருந்தபோது மாமி மெதுவாகக் கேட்டாள். "நெஜமாவே அழைச்சுண்டு போயிடுவியாடி?"

"அங்க நல்லா பாத்துப்பேன் மாமி."

"பாத்துப்பே, தெரியும். என்னை யாரு பாத்துப்பா?" என்றுவிட்டு, சாத்துமுது ஊற்றட்டுமா என்று உடனே பேச்சை மாற்றினாள். அதற்குமேல் எனக்கு முந்திரி ருசிக்கவில்லை.

மறுநாள் மாமி சொல்லி அனுப்பி ஒரு மெக்கானிக் பாய் வீட்டுக்கே வந்தார். வந்தவர் முதல் அதிசயமாக அம்மாவிடமே கேள்வி கேட்டார். எப்போது சூடாகிறது, மெதுவாகப் போகும்போதா வேகமாகப் போகும்போதா? இரண்டிலும் என்றாள் அம்மா. தண்ணீர் பம்ப்பை மாற்றினார். வெளியே ஓடிப்போய் ஒரு தெர்மோஸ்டாட் வாங்கிவந்து போட்டார். இன்ஜினை ஓடவிட்டு ஃபேனுக்குப் பின்னால் கையை நீட்டி வெகுநேரம் யோசித்தார்.

"தண்ணி ஓடுது, ஃபேன் சுத்துது. ஆனா காத்து வாங்கலையேம்மா. முன்னாடி பாக்கணும். அந்த மாலையெல்லாம் எடுத்து வச்சீங்கன்னா…"

"அதை எடுக்கக் கூடாது பாய்" என்றாள் அம்மா.

"சரிம்மா, உங்க சாமி சமாச்சாரம், நான் கை வைக்க மாட்டேன். எடுத்ததும் சொல்லி விடுங்க, வந்து பாக்கறேன்" என்று பாய் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார். ஆக, எண்ணெய்க் கைக்காரர் பயத்தில் தொடவில்லை, பாய் மரியாதைக்காகத் தொடவில்லை, அம்மா பக்தியில் தொடவில்லை. எனக்கோ அதைத் தொட வேண்டும் என்றே தோன்றவில்லை. சாயங்காலம் அம்மா கோயில் வாசலிலிருந்து இரண்டு நாள் தங்க அழைத்து வந்த மாமி, "பெருமாள் சாத்திண்ட துளசி மாலைடி, இனிமே ஒரு கொறையும் வராது" என்று அதையும் கொண்டுபோய் முன்னால் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் கிளம்பினோம். அம்மா ஸ்டீயரிங்கில், மாமி முன் சீட்டில், நான் பின்னால் எட்டி எட்டி ஊசியைப் பார்த்துக்கொண்டு. கொள்ளிடத்தைத் தாண்டி சென்னை நெடுஞ்சாலையில் ஏறியதும் ஊசி வேலையைத் தொடங்கியது. ஹீட்டர் போட்டாயிற்று. மாமி நெற்றியிலிருந்த ஸ்ரீசூர்ணம் வழிந்து மூக்குக்கு வந்தது. "ரங்கா, ரங்கா" என்று முந்தானையால் விசிறிக்கொண்டாளே தவிர ஹீட்டரைக் குறைக்கச் சொல்லவில்லை. சமயபுரம் வளைவு தெரிந்தபோது ஊசிக்கும் சிவப்புக்கும் நூலிழைதான் இடைவெளி.

"வந்தாச்சு" என்றாள் அம்மா.

"வந்தாச்சு. இனிமே போகணும்" என்றேன் நான். நான் அவ்வளவு நல்லவள்.

அவர்கள் இருவரும் தரிசனத்துக்குப் போனார்கள். மஞ்சள் சேலையும் சந்தனம் பூசிய மொட்டைத் தலையுமாகக் கூட்டம் அலைமோதியது. நான் இன்ஜின் ஆறட்டும் என்று பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் நுங்கு வாங்கித் தின்றேன். தோளில் மாலைகளோடு ஓர் ஆள் வந்தார். "பெருசா ஒண்ணு கட்டுங்கம்மா. வண்டி சூடே ஆகாது."

அந்த நேரத்தில்தான் பாயின் பேச்சு ஞாபகம் வந்தது. காத்து வாங்கலையேம்மா. நுங்குக் கையை உதறிவிட்டு, முதல் தடவையாகக் காரின் முன்னால் குந்தினேன். துளசி மாலையை ஒதுக்கினேன், கதம்பத்தை ஒதுக்கினேன், சாமந்தியை ஒதுக்கினேன், கம்பி இடுக்கில் விரலை விட்டேன். உள்ளே ரேடியேட்டர் தகடு கைக்குப் படவேண்டும். பட்டது மெத்தை. பிடித்து இழுத்தேன். சாமந்தி இதழும் வேப்பிலையும் மல்லிகைச் சரத்து நூலும் தூசியோடு கெட்டித்து, வரட்டி மாதிரி ஒரு துண்டு கையோடு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. தானாகக் காய்ந்து தானாக உதிரும் என்றாளே, உதிர்ந்து எங்கே போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எத்தனை வருஷத்து வேண்டுதலோ! வண்டி சூடாக ஆக மாலை கட்டியிருக்கிறார்கள். மாலை கட்டக் கட்ட வண்டி சூடாகியிருக்கிறது.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். நான் எதையும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால் போதும். அம்மா புது மாலையோடு வருவாள், அதையும் கட்டுவாள், கொள்ளிடத்துக்கு முன்பே வண்டி கொதிக்கும். ஆத்தா மேல் சத்தியம் செய்தவள் பேச்சு மாற மாட்டாள். பக்கத்து சீட்டில் அம்மா. இனிமேல் எந்தப் பாலத்தையும் நினைத்து நான் விழித்திருக்க வேண்டியதில்லை. இழுத்த துண்டை மறுபடியும் உள்ளே திணிக்கலாமா என்றுகூட ஒரு கணம் கை போனது. பொய் சொல்வானேன்?

கூட்டத்துக்குள்ளிருந்து அம்மா வந்தாள். ஒரு கையால் மாமியைத் தாங்கி, தோளில் பெரிய சாமந்தி மாலை, இன்னொரு கை விரலில் கார் சாவி சுழன்றுகொண்டிருந்தது. என்னவோ சொல்லி இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு தடவை சிங்கப்பூருக்கு வந்திருந்தபோது அம்மா என் அறை வாசலில் நின்று, "கீழ போயி கொத்தமல்லி வாங்கிட்டு வரட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டாள். அன்று நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை, போயிட்டு வா என்று சொல்லிவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது அந்தச் சாவி சுழல்வதைப் பார்த்ததும் அது நெஞ்சில் வந்து குத்தியது.

"அம்மா, அந்த மாலையைக் கட்டாத" என்றேன். கையிலிருந்த வரட்டியைக் காட்டினேன்.

அம்மா வாங்கிப் பார்த்தாள், குனிந்து உள்ளே பார்த்தாள். மாமிதான், "ஐயையோ, பெருமாளும் ஆத்தாளும் சேர்ந்துன்னா மூச்சை அடைச்சிருக்கா!" என்று தலையில் கைவைத்தாள்.

"சாமி பூவாச்சே, எங்க போடறது?" என்றாள் அம்மா. உயிர் போகிற விஷயத்தில்கூட அவளுக்கு அதுதான் கவலை.

"கொள்ளிடத்துல விட்டுடலாம். ஆத்துல விட்டா தோஷமில்லை" என்று மாமி தீர்ப்பு சொன்னாள்.

அம்மா கும்பிட்டுக்கொண்டு முதல் மாலையைத் தன் கையாலேயே கழற்றினாள். ஸ்குரூ டிரைவரால் முன்கம்பியை நெம்பி எடுத்தாள். நுங்குக்காரரிடம் விளக்குமாற்று ஈர்க்குச்சி வாங்கி நானும் அவளும் மண்டியிட்டுக் குடைந்தோம். பை நிறைய வந்தது. மாலைக்காரர் நின்று பார்த்துவிட்டு, "காலம் கெட்டுப்போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

குடைந்துகொண்டே அம்மா கேட்டாள். "ஏண்டி, வாயை மூடிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியே?"

"நான் என்னிக்கு வாயை மூடியிருக்கேன்?"

அம்மா ஈர்க்குச்சியைக் கீழே வைத்தாள். பூத்தூள் ஒட்டிய கையால் என் கன்னத்தில் ஒரு இடி இடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

திரும்பும்போது ஊசி பாதிக்குக் கீழேயே படுத்துக்கொண்டது. அம்மாவுக்கு நம்பிக்கையில்லை, மீட்டர் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். கொள்ளிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் ஓடியது. அதில் பூவை விட்டுவிட்டு வந்தோம். காவிரிப் பாலத்தில் வழக்கமான நெரிசல். அம்மா ஹீட்டர் பக்கம் கையைக் கொண்டுபோய், சட்டென்று மாற்றி ஏ.சி.யைப் போட்டாள். "குளிர்றதுடி சரோஜா" என்று அம்மாவிடம் சொல்லி மாமி போர்த்திக்கொண்டாள்.

அப்படியே காட்டூர்வரை ஊசி அசையவில்லை. நான் தோற்றுவிட்டேன். வாசலில் காத்திருந்த சுந்தரம் அங்கிள், "நான் சொன்னேன்ல, அந்த தெர்மோஸ்டாட்டைக் கழட்டினதுதான்" என்றார்.

கிளம்புகிற அன்று அம்மாதான் விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டாள். சமயபுரத்து மாலை இப்போது பின்பக்கம், நம்பர் பிளேட்டுக்கு மேலே கட்டியிருந்தது. உதிர்ந்தால் ரோட்டில் உதிரட்டும் என்று மாமியும் அவளும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். "பாலத்துல நின்னா எனக்குத்தான் முதல்ல போன் பண்ணணும்" என்றேன். "நின்னாத்தானேடி" என்றாள். இரண்டு பேருமே அழவில்லை, அழ நேரமில்லை. பின்னால் காவலர் விசில் ஊதினார். அம்மா கையசைக்கவில்லை, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது. மாலை ஆடிக்கொண்டே வளைவில் திரும்பிப் போயிற்று.

விமானம் கிளம்பப் போகும் நேரத்தில் நடைவழியிலிருந்து ஒருவர் குனிந்தார். "இந்த சீட் காலியாத்தானே இருக்கு? யாராவது வராங்களா?"

"எங்கம்மா சீட்டுங்க" என்றேன். "வண்டி சரியாயிடுச்சு. அதனால வரல."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும், உட்கார்ந்துகொண்டார்.